குடல்வால் என்று சொல்லியிருக்கிறேன்

14.9.2025
ஞாயிறு, வீட்டிலிருந்து

அன்பு மகள் செம்மொழிக்கு,

அப்பா எழுதுவது. முதலில் அந்தக் கிடாரி விஷயத்தை முடித்துவிடுகிறேன். இல்லையென்றால் மேற்கொண்டு பேனா ஓடாது.

டாக்டர் சாஜிதா அம்மா படம் போட்டு விளக்கியபோது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. படத்தைப் பார்க்க வெட்கம். உன்னைப் பார்க்க அதைவிட வெட்கம். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் "புரியுதாங்கய்யா?" என்று கேட்டதும், சும்மா இருந்தால் மக்கு என்று நினைப்பார்களே என்று, "புரியுதுங்க மேடம். எங்க வீட்டுக் கிடாரிக்கும் உள்ள இப்படித்தான் அடைப்புன்னு மாட்டு டாக்டர் சொன்னாரு" என்று சொல்லிவிட்டேன். நர்ஸம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்கள். தஞ்சாவூரில் பஸ் ஏறியதிலிருந்து நாமக்கல்லில் உன்னை விடுதியில் விடும்வரை நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தாவது ஃபெயிலான வாய், பாப்பா. தெரிந்ததைத்தான் உளறும்.

அன்றைக்கு மருந்து வாங்கும் வரிசையில் நின்ற உங்கம்மாவை டாக்டரிடம் அனுப்பிவிட்டு நான் போய் வரிசையில் நின்றிருக்கலாம். அந்தப் புத்தியும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் டாக்டர் என்னதான் சொன்னாங்க என்று அவள் கேட்டாள். எனக்கு மின்விசிறியின் இறக்கைதான் ஞாபகம் இருந்தது. அதனால் வியாழக்கிழமை மறுபடி தனியாகத் தஞ்சாவூர் போனேன். கர்ப்பிணிப் பெண்களுக்கு நடுவில் ஒரு மீசைக்காரன் டோக்கனோடு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பார். டாக்டர் சலிக்காமல் மறுபடி படம் போட்டார்கள். இந்தத் தடவை பார்த்தேன்.

உன் கர்ப்பப்பை நன்றாக இருக்கிறதாம். சினைப்பை இரண்டும் நன்றாக இருக்கின்றனவாம். கீழே இறங்கும் பாதையில் மட்டும் பிறவியிலேயே தடிமனாக ஒரு தடுப்பு. ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் இப்படி இருக்குமாம். மாதாமாதம் வர வேண்டியது வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, வீங்கி, மூத்திரப்பையை அழுத்தியதால்தான் அன்றைக்கு விடுதியில் நீ ஒன்றுக்குப் போக முடியாமல் துடித்துப்போனாய். மதகுப் பலகையைத் தூக்க முடியாமல் நிற்கிற வாய்க்கால் மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. கிடாரியே போதும்.

இப்போது கொடுத்திருக்கும் மாத்திரை அதை நிறுத்தி வைக்கத்தான். அப்படியே விட்டுவிடக் கூடாதாம். இதையே செய்து பழகிய டாக்டர்கள் சென்னையில் இருக்கிறார்கள். உன் அரையாண்டு லீவில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: "உங்க கையெழுத்து மட்டும் போதாதுங்க. பிள்ளை மனசாரச் சம்மதிக்கணும். அப்புறம் அந்தப் பாதை மறுபடி ஒட்டிக்காம பல மாசம் அதுதான் கவனிச்சுக்கணும்." ஆகவே உன் சம்மதத்தை எழுது.

ஒன்று மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. உள்ளேயிருந்து எதுவுமே வெளியே வந்ததில்லை என்கிறார்கள். நீ மாதாமாதம் மூன்று நாள் பின்னறையில் ஒதுங்கித்தானே இருந்தாய்? இதையும் டாக்டரிடம் கேட்டேன். உங்கள் பெண்ணே சொல்லட்டும் என்றுவிட்டார்கள்.

ஊரில் குடல்வால் என்று சொல்லியிருக்கிறேன். மாத்திரையில் வீக்கத்தை இறக்கிவிட்டு டிசம்பரில் எடுக்கப் போகிறார்கள் என்று தங்கம்மாள் அத்தையிடமும் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லிவிடு.

உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வார்டன் அம்மா, நம் வீட்டுக் கடிதத்தை மட்டும் பிரிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ அவர்கள் அறையில் நின்று பேசும் போனில் இந்த விஷயம் எனக்கு வாயில் வராது. எழுத்தில்தான் வருகிறது. அதுவும் இவ்வளவுதான்.

சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

உன் அப்பா,
தங்கையன்


21.9.2025
விடுதி

அன்புள்ள அப்பாவுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். வலி இல்லை. அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது.

கிடாரி என்று சொன்னதற்காக நான் பேசாமல் வரவில்லை. அந்தக் கிடாரியை அப்புறம் என்ன செய்தோம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். சினை பிடிக்காது என்று மாட்டு டாக்டர் சொன்ன வாரமே தரகர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். நீங்கள்தான் கயிற்றைப் பிடித்துக் கொடுத்தீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஏழாவது படிக்கும்போது ஒருநாள் வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தேன். தொடையில் அட்டை கடித்திருந்தது. பிய்த்துப் போட்டேன். ரத்தம் நிற்கவில்லை, பாவாடையில் பட்டுவிட்டது. தங்கம்மாள் அத்தை அதைப் பார்த்துவிட்டார்கள். அட்டை கடித்தது என்று நான் சொன்னேன். "எல்லாப் பிள்ளையும் மொதல்ல வெக்கத்துல இப்படித்தான் எதையாச்சும் சொல்லும்" என்று சிரித்துக்கொண்டே குலவை போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. நீங்கள் பவர் டில்லரை வயலிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். அத்தனை பேர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு மறுபடி "இல்லை" என்று சொல்ல வரவில்லை. ஒருவேளை இதுதான் அதுவோ என்றும் நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்?

அறுப்பு முடிந்ததும் விழா வைத்தீர்கள். பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள். பட்டுப்புடவையில் நான் நடுவில், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நீங்கள் மேலே, உங்கள் நண்பர்கள் எல்லாரும் கீழே வரிசையாக. என் வகுப்புப் பையன்கள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு வந்தார்கள். மழை வந்து அது கிழியும்வரை நான் அடுத்த நிறுத்தத்தில் போய் பஸ் ஏறினேன்.

அப்புறம் வரவே இல்லை. ஆரம்பத்தில் தள்ளித் தள்ளித்தான் வரும் என்று அம்மா சொன்னார்கள். எட்டாவதில் வயிற்றுவலி வந்தது. அதுதான் இது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். பிறகு மாதாமாதம் வலி வந்தது, மாதாமாதம் உட்கார்ந்தேன். வலி பொய் இல்லை அப்பா. மற்றதுதான் பொய். ஊருக்கே சாப்பாடு போட்டாயிற்று. இனிமேல் போய் எப்படிச் சொல்வது?

இப்போது குடல்வால் என்கிறீர்கள். அதையும் நான் நடிக்க வேண்டும். எந்தப் பக்கம் வலிக்கும் என்று உயிரியல் புத்தகத்தில் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு உண்மையாகவே வரும் என்று டாக்டர் சொன்னார்கள். அப்போது அத்தை என்ன செய்வார்கள்? மறுபடி ஓலைக் குடிசை கட்டுவார்களா, இல்லை வழக்கமானதுதான் என்று நான் அன்றைக்கும் நடிக்க வேண்டுமா? அத்தை தினமும் நம் வீட்டுக்கு வந்து போகிறவர்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம். அத்தைக்கு மட்டும் உண்மை தெரிய வேண்டும். அம்மா சொல்லக் கூடாது, நீங்கள் சொல்ல வேண்டும். அதுவரை ஆபரேஷனுக்கு நான் சம்மதிக்கவில்லை. மாத்திரையே போதும்.

செம்மொழி


5.10.2025
வீட்டிலிருந்து

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை உங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் வாங்கி மிச்சத்தைத் தானே படித்தாள். படித்துவிட்டு, "மாசாமாசம் நான்தானேங்க துணியெல்லாம் தொவைச்சேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அடுப்படியில் பாத்திரம் உருட்டிக்கொண்டே இருந்தாள். கழுவின பாத்திரத்தையே கழுவினாள்.

கயிற்றைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். 

அக்காவிடம் சொல்லப் போனேன். போகவில்லை என்று நினைக்காதே. முதல் தடவை போனபோது, "என்னடா, இந்த நேரத்துல?" என்றது. மண்வெட்டி இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம் வீட்டில் மண்வெட்டிக்கா பஞ்சம்? அடுத்த தடவை அதைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போனேன். "அக்கா, பாப்பாவுக்கு…" என்று ஆரம்பித்தேன். குடல்வாலுக்கு முருங்கைக்கீரை ஆகாது என்று யாரோ சொன்னதாக அது ஆரம்பித்தது. நானும் கீரையைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

இதற்கிடையில் என் பொய் தனியாக வளர்கிறது. உரம் வாங்கப் போன இடத்தில் கடைக்கார நெய்னா முகம்மது பாய் சட்டையைத் தூக்கித் தன்னுடைய குடல்வால் தழும்பைக் காட்டினார். "பயப்படாதீங்க தங்கையன், பாருங்க, நான் மூட்டையெல்லாம் தூக்குறேன்" என்று தைரியம் சொன்னார். நானும் குனிந்து பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது என்றேன். இப்படி ஒரு பிழைப்பு.

உன் விழாவில் மைக் பிடித்து ஊரையே வாங்க வாங்க என்று கூப்பிட்ட வாய் இது. ஒரே ஒரு அக்காவிடம் சொல்ல வரவில்லை. அக்காவுக்குப் பயந்து அல்ல. சொன்னால் அது உன்னைப் பற்றிய பேச்சு ஆகிவிடும். என் பிள்ளையின் உடம்பைப் பற்றி நான் எப்படி வாயெடுப்பேன் என்று கூசுகிறது. நன்றாக யோசித்தால், விழா வைத்தபோது நான் பேசியதும் அதைப் பற்றித்தான். அன்றைக்குக் கூசவில்லை. அது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டரிடம் போனில் கேட்டேன். மாத்திரையை ரொம்ப நாள் இழுக்க முடியாதாம். இரண்டையும் முடிச்சுப் போடாதே, பாப்பா. ஆபரேஷனுக்குச் சரி என்று மட்டும் எழுது. அக்காவிடம் நான் மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா


12.10.2025
விடுதி

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு நான் வரவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் சொல்லத் தெரியுமே.

செம்மொழி


26.10.2025
வீட்டிலிருந்து

அன்பு மகள் செம்மொழிக்கு,

நீ இல்லாத தீபாவளி. மழை வேறு. நட்ட பயிர் தலை மட்டும் தெரிகிற அளவுக்குத் தண்ணீர், இப்போது வடிந்துவிட்டது. பயிர் தப்பித்தது.

சொல்லிவிட்டேன்.

தீபாவளி காலையில் அக்கா ஒரு தூக்குவாளியோடு வந்தது. உனக்குக் கூரியரில் அனுப்பப் பலகாரம். குடல்வால் பிள்ளைக்கு எண்ணெய் ஆகாது என்று உனக்காகப் பொரிவிளங்காய் உருண்டை தனியாகப் பிடித்திருந்தது. அதைக் கையில் வாங்கியதும் என்னால் முடியவில்லை. அக்கா ஒரே ஆளாக உலக்கை பிடித்து இடித்த மாவு. என் பொய்க்காக இடித்தது.

"அக்கா, பாப்பாவுக்குக் குடல்வால் இல்ல" என்றேன்.

"பின்ன?"

உட்காரச் சொன்னேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். மதகுப் பலகையையும் சேர்த்துத்தான் சொன்னேன், அக்காவுக்கு அதுதான் புரியும். கடைசியில், "அன்னைக்கு அது வயசுக்கு வரலக்கா. நெசமாவே அட்டை கடிச்ச ரத்தம்தான்" என்றேன்.

அக்கா வெகுநேரம் வாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அது சொல்லுச்சேடா. 'அட்டை கடிச்சிருச்சு'ன்னு எங்கிட்ட சொல்லுச்சு. நான் சிரிச்சேன்."

பிறகு, ஒவ்வொரு மாதமும் நீ சுருண்டு கிடக்கும்போது தான் என்னவெல்லாம் சொன்னோம் என்று அதுவே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. பொட்டப்பிள்ளை இதைக்கூடத் தாங்காவிட்டால் எப்படி என்றதை, நடிக்கிறது என்று ஒருதரம் உங்கம்மாவிடம் சொன்னதை. உங்கம்மா, போதும் அண்ணி என்றாள். நிறுத்தவில்லை. அப்புறம் கோபமெல்லாம் என் பக்கம் திரும்பியது. "எங்கிட்ட சொல்ல உனக்கு இத்தனை நாளா? இதுல மண்வெட்டி வேற கேட்டு வந்தான், கம்மனாட்டி." நல்ல நாளும் அதுவுமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

நீ எதற்குப் பயந்தாயோ அதையும் கேட்டது. மறைக்காமல் எழுதுகிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நெசமா வர்றப்ப மறுபடியும் முறை செய்யணுமேடா?" என்றது.

"ஒண்ணும் கெடையாது. ஓலை கெடையாது, தண்ணி ஊத்துறது கெடையாது, யாருக்கும் சொல்றது கெடையாது. அது பிள்ளையோட சமாச்சாரம்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே இருந்த உங்கம்மா வெளியே வந்து பார்த்தாள். அக்காவிடம் நான் குரல் உயர்த்தி அது கேட்டதில்லை. சரிடா என்று எழுந்து போய்விட்டது. வாளியை விட்டுவிட்டுப் போனது.

இப்போது யாராவது கேட்டால், பிறவியில் ஒரு சின்னக் கோளாறு, சரி செய்கிறோம் என்கிறேன். அதற்கு மேல் கேட்டால் மழையைப் பற்றிப் பேசுகிறேன். நெய்னா முகம்மது பாயிடமும் குடல்வால் இல்லை என்று சொல்லிவிட்டேன். சட்டையைத் தூக்கிக் காட்டியது வீண் என்று அவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

உருண்டையை அனுப்பியிருக்கிறேன். கல் மாதிரி இருக்கிறது, பல் பத்திரம். சம்மதத்தை நீயாக எழுதினால் எழுது. நான் கேட்கவில்லை.

அப்பா


2.11.2025
விடுதி

அன்புள்ள அப்பாவுக்கு,

உருண்டையை அறையில் எல்லாரும் சேர்ந்து அம்மிக்குழவி மாதிரி ஒரு கல்லால் உடைத்துத் தின்றோம். அத்தையிடம் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். அத்தைமேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எனக்குச் சம்மதம். டாக்டர் சாஜிதாவிடம் நானே வார்டன் போனில் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு நான் செய்ய வேண்டியது என்ன, எத்தனை மாதம், வலிக்குமா, எல்லாம். நான் கேட்டதில் சிலதை உங்களுக்கு எழுத மாட்டேன்.

சென்னைக்கு அம்மா வரட்டும். நீங்களும் வாருங்கள். டாக்டர் பேசும்போது மின்விசிறியைப் பார்க்கக் கூடாது. மாடு கன்று எதையும் பற்றிப் பேசக் கூடாது.

உங்கள் மகள்,
செம்மொழி


27.12.2025
சென்னை, ஆஸ்பத்திரி வாசல்

பாப்பாவுக்கு,

பெண்கள் வார்டுக்குள் என்னைப் பார்வை நேரத்தில்தான் விடுகிறார்கள். அந்த நேரத்திலும் சுற்றிலும் அத்தனை கட்டில், அத்தனை பெண்கள். உன் கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் எனக்குத் தலை மார்புக்குள் போய்விடுகிறது. அதனால் இதை எழுதி, சாப்பாட்டுப் பையில் வைத்து உங்கம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். கஞ்சி ஆறுவதற்குள் குடித்துவிட்டுப் படி.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். தேங்கியிருந்ததெல்லாம் வடிந்துவிட்டதாம், மேல் பாதையையும் கீழ்ப் பாதையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்களாம். நான் டீக்கடைப் பக்கம் போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர் என்ன பெரியவரே, சொந்தக்காரங்க யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லைங்க, நல்லாயிட்டுது என்றேன். நல்லானதற்கா இந்த அழுகை என்பது மாதிரி பார்த்தார். அக்கா போன் மேல் போன் போடுகிறது, எடுத்தால் வைப்பதில்லை.

ஒரு விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நேற்றுக் காலையில் உன்னை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அந்தப் பெரிய டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார்கள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, வேற ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார்கள்.

கேட்க ஒன்று இருந்தது. கிளம்பும்போது அக்கா அதைத்தான் என் காதில் சொல்லி, மறக்காமல் கேள் என்று அனுப்பியது. உங்கம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டு வந்ததும் அதுதான். அவர்கள் மேல் பழி போடவில்லை. தஞ்சாவூரில் முதல் நாள் அந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் எனக்குள் ஓடியது அது ஒன்றுதான். உனக்கு என்ன வலி, எத்தனை நாளாக வலி என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

நீ தள்ளுவண்டியில் பச்சைத் துணி போர்த்திப் படுத்திருந்தாய். டாக்டரைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. பெற்றவன் வாயிலிருந்து அது வருமா என்று நீ காத்துக்கிடந்த மாதிரி இருந்தது. அப்படியொரு வெட்கம் எனக்கு இந்த வயதுவரை வந்ததில்லை, பாப்பா.

"இனிமே பிள்ளைக்கு வலிக்காதுல்லங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நாளைக்கு இருக்கும், அப்புறம் இருக்காது என்றார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டாய். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாளைக்கு உனக்குக் குழந்தை பிறக்குமா என்பதை நான் கேட்கவில்லை.

அப்பா